மழை வெள்ளத்துல உதவிக்குப் போறீங்களா? முதல்ல உங்க தெருவுல இருந்து ஆரம்பிங்க

2015 டிசம்பர்ல, சென்னையை ஒட்டின எங்க முடிச்சூர் பக்கம் இடுப்பளவு தண்ணி முழங்காலுக்கு இறங்கின அன்னிக்கு, தெருமுனையில ஒரு டெம்போ வந்து நின்னு லெமன் சாதம் பொட்டலமா இறக்கிட்டுப் போச்சு. கொஞ்ச நேரத்துல இன்னொரு வண்டி, அதுலயும் லெமன் சாதம். மத்தியானத்துக்குள்ள மூணு வண்டி வந்துடுச்சு, சாயங்காலம் பாத்தா பாதிப் பொட்டலம் வியர்த்துப் போய் வாடை அடிக்குது, கீழ போடவும் மனசு வரல, குடுக்கவும் முடியல. அதே நேரத்துல எங்க வீட்டுல இருந்து நாலாவது வீடு, மாடிப் போர்ஷன்ல ஒரு பெரியவர், சுகர் பேஷண்ட், இன்சுலின் தீந்து போய் ரெண்டு நாளா தனியா படுத்துக் கெடந்தாரு. பிள்ளைங்க வெளியூர்ல, போன் டவர் இல்ல, கூப்பிட்டுப் பாத்து ஓஞ்சிருக்காங்க. காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு ஏதோ தோணி மாடிப்படி ஏறிப் போய்ப் பாத்ததாலதான் அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடிஞ்சுது. அவர் அங்க குடியிருக்காருன்னே எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அன்னிக்கு எங்க தெருவுல சோத்துக்குப் பஞ்சம் இல்ல. யார் வீட்டுல யார் இருக்காங்க, யாருக்கு என்ன வேணும்ங்கற தகவல்தான் இல்ல. அதனால உதவி பண்ணணும்னு நெனைக்கிறவங்க கிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான், வண்டி எடுத்துட்டு எங்கயோ கிளம்பறதுக்கு முன்னாடி உங்க தெருவ தெரிஞ்சுக்குங்க.

ஒரு நோட்டு போடுங்க

இத மழைக்கு முன்னாடி பண்ணணும். வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் மூணாவது வாரத்துக்கு மேலதான் நமக்கு ஆரம்பிக்கும், அதனால ஆயுத பூஜைக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லது. பெரிய வேலை எல்லாம் இல்ல, ஒரு நாற்பது பக்க நோட்டு, ரெண்டு பேரு, ரெண்டு ஞாயித்துக்கிழமை. வீடு வீடா போய் எழுதணும். எத்தன பேரு, பெரியவங்க தனியா இருக்காங்களா, நடக்க முடியாதவங்க, மாசமா இருக்கறவங்க, கைக்குழந்தை, டயாலிசிஸ் போறவங்க, ஆக்சிஜன் மெஷின் வெச்சிருக்கறவங்க, இன்சுலின் போடறவங்க, வலிப்புக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறவங்க. மாத்திரை பேர அட்டையப் பாத்து அப்படியே எழுதிக்குங்க, "அந்த வெள்ளை மாத்திரை"ன்னு எழுதினா அவசரத்துல எந்த மெடிக்கல்லயும் குடுக்க மாட்டாங்க. வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க நம்பர் ஒண்ணு வாங்கிக்குங்க. வீட்டுல நாய் பூனை இருந்தா அதையும் எழுதுங்க, ஏன்னா நாய விட்டுட்டு வர மாட்டேன்னு உக்காந்துக்கறவங்கள நான் பாத்திருக்கேன், அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது.

இன்னொரு பக்கத்துல யார்கிட்ட என்ன இருக்குன்னு எழுதணும். இது ரொம்ப முக்கியம், ஆனா யாரும் பண்றதில்ல. யார் நர்ஸ், யார் எலக்ட்ரீஷியன், யார் வீட்டுல மாடி காலியா இருக்கு, யார்கிட்ட இன்வெர்ட்டர், யார்கிட்ட ரெண்டு சிலிண்டர், யாருக்கு நீச்சல் தெரியும், யார்கிட்ட நீளக் கயிறு இருக்கு, மரம் அறுக்கற மெஷின் யார்கிட்ட. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ சென்னை முழுக்க மரம் விழுந்து ரோடு அடைச்சுக்கிச்சு, அன்னிக்கு ஒரு மரம் அறுக்கற மெஷின் இருந்த தெருவுல ஆம்புலன்ஸ் போச்சு, இல்லாத தெருவுல போகல, அவ்வளவுதான் வித்தியாசம்.

நோட்ட பேப்பர்லதான் வெச்சுக்கணும். போன்ல வெச்சா கரண்ட் போன ரெண்டாவது நாள் அதுவும் போயிடும். நோட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு மாடி வீட்டுல குடுத்து வைங்க, ஒரு ஜெராக்ஸ் இன்னொரு வீட்டுல. இதுல மத்தவங்க உடம்பு விஷயம் இருக்கு, அதனால போட்டோ எடுத்து குரூப்ல போடாதீங்க, எழுதும்போதே "இது ஆபத்துக்கு மட்டும்தான்"னு சொல்லிக் கேட்டு எழுதுங்க. விருப்பம் இல்லைன்னா விட்டுடுங்க, வீட்டு நம்பரும் ஆள் எண்ணிக்கையும் போதும்.

எழுதப் போகும்போது நிறைய பேர் தவற விடறது யாரன்னா, தெருக்கோடியில ஷெட்ல தங்கியிருக்கற கட்டட வேலை ஆளுங்க, ஒடிசா பீகார்ல இருந்து வந்தவங்க, பிளாட் வாட்ச்மேன் குடும்பம், லேடீஸ் ஹாஸ்டல், பேச்சிலர் ரூம். ரேஷன் கார்டு இந்த ஊர்ல இருக்காது, அரசாங்கப் பட்டியல்லயும் இருக்க மாட்டாங்க, தண்ணி வந்தா முதல்ல முழுகறது அவங்க இடம்தான். ஹிந்தி தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டுப் போங்க.

தண்ணி ஏறும்போது

அரசாங்க நம்பர் நாலஞ்சு மனப்பாடமா இருக்கணும். மாநில அவசர கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, ஃபயர் சர்வீஸ் 101, ஆம்புலன்ஸ் 108, எதுவும் ஞாபகம் வரலைன்னா 112. இபி கம்ப்ளைன்ட்டுக்கு மின்னகம் 94987 94987. கூப்பிடும்போது "எங்க ஏரியா முழுக்கத் தண்ணி, சீக்கிரம் வாங்க"ன்னு சொன்னா அங்க இருக்கறவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. தெரு பேரு, எந்த பஸ் ஸ்டாப் இல்ல கோயில் பக்கம், எந்த மாடி, எத்தன பேரு, அதுல நடக்க முடியாதவங்க எத்தன, தண்ணி முழங்காலா இடுப்பா கழுத்தா, ஓடுதா நிக்குதா. நோட்டு கையில இருந்தா இத ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். தெருவுக்கு ஒருத்தர் மட்டும் கூப்பிடுங்க, அம்பது பேர் ஒரே விஷயத்துக்குக் கூப்பிட்டா உண்மையிலேயே மாட்டிக்கிட்டவங்களுக்கு லைன் கெடைக்காது.

கரண்ட் விஷயத்துல தைரியம் காட்டாதீங்க. வெள்ளத்துல ஆள் தண்ணியில மட்டும் போறதில்ல, ஷாக்குலயும் போறாங்க. வீட்டுக்குள்ள தண்ணி வர்றதுக்கு முன்னாடியே மெயின ஆஃப் பண்ணச் சொல்லி கதவு தட்டிட்டுப் போங்க, தண்ணி வந்து மெயின் போர்டுகிட்ட நிக்குதுன்னா தொடவே தொடாதீங்க, இபிக்கு சொல்லி டிரான்ஸ்பார்மர்லயே நிறுத்தச் சொல்லணும். கம்பி அறுந்து தண்ணியில கெடந்தா அந்தப் பக்கம் யாரும் வராம கயிறு கட்டி, ரெண்டு பக்கமும் ஒரு ஆள் நின்னாலே அது பெரிய சேவை. அதே மாதிரி மேன்ஹோல். தண்ணி வடியணும்னு யாராவது மூடியத் தொறந்து வெச்சுடுவாங்க, கலங்கல் தண்ணியில அது தெரியாது. தொறந்திருக்கற இடத்துல ஒரு மரக்கிளையோ கம்போ நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. நடக்கும்போது கையில நீளக் கம்பு வெச்சு முன்னாடி குத்திப் பாத்துக்கிட்டே நடங்க, ரோட்டு ஓரமா போகாதீங்க, அங்கதான் கால்வாய் இருக்கும்.

ஓடற தண்ணி முழங்காலுக்கு மேல இருந்தா இறங்காதீங்க, நீச்சல் தெரிஞ்சாலும் வேண்டாம். லாரி டியூப், தெர்மாகோல், பிளாஸ்டிக் டிரம் கட்டின மிதவை எல்லாம் நிக்கற தண்ணியில பெரியவங்களையும் குழந்தைங்களையும் கொண்டு வர உதவும், ஓட்டம் இருக்கற இடத்துல அதுவே ஆபத்து. 2015-ல மீனவர்கள் ஃபைபர் படகுகள லாரியில ஏத்திக்கிட்டு வந்து தெருத்தெருவா ஆளுங்கள வெளிய எடுத்தாங்க, யாரும் கூப்பிடாமலே வந்தவங்க நிறைய. அவங்களுக்கு தண்ணி தெரியும், ஆனா நம்ம தெரு தெரியாது. எந்த வீட்டு காம்பவுண்டு சுவர் தண்ணிக்கடியில மறைஞ்சிருக்கு, எங்க கார் முழுகிக் கெடக்கு, எந்த மாடியில பாட்டி இருக்காங்கன்னு சொல்ல ஒரு உள்ளூர் ஆள் படகு முனையில உக்காரணும். நீங்க பண்ண வேண்டிய வேலை அதுதான், துடுப்பு அவங்க பாத்துப்பாங்க. உங்களுக்கு நிஜமாவே மீட்பு வேலை கத்துக்கணும்னு இருந்தா மழை இல்லாத மாசத்துல கத்துக்குங்க, தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தோட ஆப்தா மித்ரா திட்டத்துல தன்னார்வலர்களுக்குப் பயிற்சி குடுக்கறாங்க, கலெக்டர் ஆபீஸ்ல பேரிடர் பிரிவுல கேட்டா சொல்வாங்க.

பக்கத்துல இருக்கறவங்க எவ்வளவு முக்கியம்ங்கறதுக்கு 2023 டிசம்பர் 17, 18 தென்மாவட்ட மழை ஒண்ணு போதும். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, திருச்செந்தூர்ல இருந்து சென்னை கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோட நின்னுடுச்சு, முன்னாடி தண்டவாளத்துக்கு அடியில மண்ணே இல்ல. சுமார் 800 பேர். வெளியில இருந்து மீட்புக் குழுவே உள்ள வர முடியாம திணறின அந்த நேரத்துல புதுக்குடி ஊர்க்காரங்கதான் இருந்தத வெச்சு சமைச்சுப் போட்டாங்க, அவங்க ஊரும் தண்ணியிலதான் இருந்துச்சு. இத எப்ப நெனச்சாலும் எனக்கு நெஞ்சு நெறஞ்சு போகும்.

சாப்பாடு, தண்ணி

சமைச்சுக் குடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை, நல்ல ஆசைதான், ஆனா கேட்டுட்டு சமைங்க. ஒரு ஏரியாவுக்கு ஒரே ஒரு ஆள் பேசி, இன்னிக்கு காலையில எந்தக் கோயில்ல சமைக்கிறாங்க, மத்தியானம் எந்தப் பள்ளிவாசல், ராத்திரி அம்மா உணவகமா, எந்தத் தெருவுக்கு எத்தனன்னு பிரிச்சுக்கணும். 2015-ல கோயில், மசூதி, சர்ச், கல்யாண மண்டபம் எல்லாம் கதவத் தொறந்து வெச்சு பந்தி போட்டாங்க, ஆனா மெயின் ரோட்டு மேல இருந்த இடத்துக்கு நாலு வேளைச் சாப்பாடு ஒரே நேரத்துல போச்சு, உள்ள தள்ளி இருந்த நகர்ல பிஸ்கட்ட தின்னுட்டு உக்காந்திருந்தாங்க. அதனால வண்டி மெயின் ரோட்டுல நின்னா அங்கயே குடுத்துட்டுப் போகாதீங்க, உள்ள நடந்து போகத்தான் ஆள் வேணும்.

எத சமைக்கறதுன்னா, புளியோதரை நல்லா தாங்கும், எண்ணெய் கொஞ்சம் தாராளமா விட்டு, சாதத்த ஆற வெச்சு கலக்கணும். சூடா இருக்கும்போதே பொட்டலம் கட்டினா உள்ள வியர்த்து நாலு மணி நேரத்துல கெட்டுடும், எங்க தெருவுல அன்னிக்கு நடந்தது அதுதான். சாம்பார் சாதம், தயிர் சாதம், தேங்கா போட்டது எல்லாம் வேண்டாம், வழியில வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியாது. இட்லி மொளகாப்பொடி பரவால்ல. பொட்டலத்து மேல எத்தன மணிக்கு கட்டினதுன்னு பேனால எழுதுங்க, "மதியம் 2-க்குள்ள சாப்பிடவும்"னு எழுதினா வாங்கறவங்களுக்கே தெரியும். குழந்தைங்களுக்கு பால் பவுடர், ரஸ்க், வாழைப்பழம். பெரியவங்களுக்குப் பல் இருக்காது, அவங்களுக்கு மெத்துனு பன்னோ ரஸ்க்கோ போகட்டும்.

மூணாவது நாளுக்கு மேல பொட்டலம் வேண்டாம், வீட்டுல அடுப்பு எரிய ஆரம்பிச்சுடும். அப்போ அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, டீத்தூள், சர்க்கரை, தீப்பெட்டி, அடுப்பு கெட்டுப் போனவங்களுக்கு ஒரு சின்ன அடுப்பு. சொந்த அடுப்புல ஒரு டீ போட்டுக் குடிச்சாதான் வெள்ளத்துல இருந்தவங்களுக்கு மனசு திரும்பும்.

தண்ணிக்கு, கேன் வாட்டர் வந்து சேர்ற வரைக்கும் நல்லா தளதளன்னு ஒரு நிமிஷமாவது கொதிக்க வெச்சுக் குடிக்கணும். குளோரின் மாத்திரை சுகாதார நிலையத்துல குடுப்பாங்க, வீட்டுக்குப் போடற சின்ன மாத்திரை பொதுவா ஒரு குடத்துக்கு மேல வரும், ஆனா சைஸுக்கு சைஸ் மாறும், அட்டையில இருக்கற அளவப் பாத்துதான் போடணும், போட்டு அரைமணி நேரம் விட்டுக் குடிக்கணும். இத மைக்ல சொன்னா பத்தாது, ஒரு தடவ அவங்க வீட்டுக் குடத்துல போட்டுக் காட்டுங்க. வயித்துப்போக்கு ஆரம்பிச்சா ஓஆர்எஸ் பாக்கெட், அது இல்லைன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி. உப்ப கூடுதலா போட்டா குழந்தைக்கு ஆபத்து.

இன்சுலின் பத்தி ஒரு வார்த்தை. ஃபிரிட்ஜ் நின்னுடுச்சுன்னு பயந்து தூக்கிப் போடறாங்க, வேண்டாம். பயன்படுத்திக்கிட்டு இருக்கற குப்பியோ பேனாவோ சாதாரண ரூம் சூட்டுலயே சுமார் நாலு வாரம் தாங்கும், தொறக்காதத ஒரு சின்ன மண்சட்டிக்குள்ள வெச்சு, அத ஈர மணல் போட்ட பெரிய சட்டிக்குள்ள இறக்கி நிழல்ல வைங்க. ஐஸ் மேல நேரா வைக்கக் கூடாது, உறைஞ்சா வீணாயிடும்.

பொருள் அனுப்பறவங்களுக்கு

வெளியூர்ல இருக்கேன், என்ன அனுப்பட்டும்னு கேக்கறவங்களுக்கு. பழைய துணி அனுப்பாதீங்க. 2004 சுனாமி அப்போ நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்துல துணி மலை மாதிரி குவிஞ்சு மழையில நனைஞ்சு கெடந்தத பாத்தவங்க நிறைய பேர் இருக்காங்க. வீடு வாசல் போனவங்ககிட்ட பட்டன் இல்லாத சட்டையக் குடுத்தா அவங்க மனசு என்ன ஆகும். துணின்னா புதுசு, அதுலயும் உள்ளாடை, நைட்டி, லுங்கி, துண்டு, போர்வை, குழந்தைத் துணி. யாரும் கேக்கத் தயங்கறது நாப்கின், பெரியவங்களுக்கான டயப்பர், அத கேக்காமலே போடுங்க, கறுப்புக் கவர்ல போட்டு பொம்பளைங்க கையில பொம்பளைங்களே குடுக்கறதுதான் நல்லது.

ஒவ்வொரு பேரிடருக்கும் தேவை வேற. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துல கரை ஏறினப்போ டெல்டாவுல ஓடும் கூரையும் பறந்துச்சு, தென்னை வேரோட சாஞ்சுது, வாரக்கணக்குல கரண்ட் இல்ல. சென்னை வெள்ளம் ஞாபகத்துல நிறைய பேர் சாப்பாடு ஏத்திட்டுப் போனாங்க, அவங்க கேட்டதோ தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, டார்ச், மோட்டார் போட்டு டேங்க்ல தண்ணி ஏத்த ஜெனரேட்டர். ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். மழையில சாப்பாட விட டிரை சாக்ஸும் பவர் பேங்க்கும் முக்கியமா இருக்கற நேரமும் உண்டு.

பணம் குடுக்கறதா இருந்தா முதலமைச்சர் பொது நிவாரண நிதி இருக்கு, பழைய வரி முறையில கணக்கு காட்டறவங்களுக்கு வருமான வரி விலக்கும் உண்டு. தெரு அளவுல யூபிஐ போட்டு வசூல் பண்றதா இருந்தா ரெண்டு பேர் பொறுப்புல வைங்க, வரவு செலவ பில்லோட தினமும் ராத்திரி குரூப்ல போடுங்க, மிச்சம் இருந்தா அதையும் சொல்லுங்க. நல்லது பண்ண வந்தவங்களுக்குள்ள காசாலதான் பிரிவு வருது, கணக்கு சுத்தமா இருந்தா அடுத்த தடவையும் கேட்டா குடுப்பாங்க.

இன்னொண்ணு, கையேந்தி நிக்கறவங்கள போட்டோ எடுக்காதீங்க. கணக்குக்கு வேணும்னா பொருள எடுங்க, வண்டிய எடுங்க, முகத்த எடுக்காதீங்க. நேத்து வரைக்கும் நாலு பேருக்கு சோறு போட்டவங்க அவங்க. இதுல நான் யார்கிட்ட வேணா சண்டைக்கு நிப்பேன்.

ஃபார்வர்டு

வாட்ஸ்அப் இல்லாம இன்னிக்கு ஒண்ணும் நடக்காது, ஆனா பாதி நேரம் அதுதான் ஆள அலைய விடுது. "வேளச்சேரியில கர்ப்பிணி மாட்டிக்கிட்டு இருக்காங்க"ன்னு ஒரு மெசேஜ் வரும், அவங்கள காலையிலயே காப்பாத்தி ஆஸ்பத்திரி சேத்திருப்பாங்க, மெசேஜ் மட்டும் மூணு நாள் ஓடிக்கிட்டே இருக்கும். அதனால எத அனுப்பறதா இருந்தாலும் அந்த நம்பருக்கு ஒரு தடவ கூப்பிட்டுப் பேசிட்டு, தேதி, நேரம், "நான் பேசிட்டேன்"னு எழுதி அனுப்புங்க. வேலை முடிஞ்சதும் "முடிஞ்சுது, இனி அனுப்ப வேண்டாம்"னு அதே குரூப்ல போடுங்க, இந்த ரெண்டாவது மெசேஜ யாருமே போடறதில்ல.

2015-ல முதலைப் பண்ணையில இருந்து முதலை எல்லாம் தப்பிச்சு ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு பரவுச்சு, பண்ணைக்காரங்க அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க, அது வதந்தி. 2023 மிக்ஜாம் புயல் மழையில பெருங்களத்தூர் பக்கம் ரோட்ட முதலை கடக்கற வீடியோ வந்துச்சு, எல்லாரும் பழைய கதைன்னு நெனச்சா அது நிஜம், அங்க ஏரிகள்ல முதலை இருக்கறத வனத்துறையே சொல்லுச்சு. கண்ணால பாத்து முடிவு பண்ண முடியாது, கேட்டுத்தான் ஆகணும். ஏரி உடைஞ்சுடுச்சுன்னு வர்ற மெசேஜும் அதே மாதிரிதான், செம்பரம்பாக்கத்துல எத்தன கன அடி தொறக்கறாங்கன்னு கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பப் பாத்துட்டு சொல்லுங்க, ராத்திரி ஒரு மணிக்குப் பொய்யா ஒரு தெருவ ஓட விட்டீங்கன்னா அடுத்த தடவ உண்மையிலயே சொல்லும்போது யாரும் கிளம்ப மாட்டாங்க.

தண்ணி வடிஞ்சப்புறம் தான் நிஜமான வேலை

முதல் மூணு நாள் ஊரே வரும். நாலாவது நாள் கேமரா போகும், ஏழாவது நாள் தன்னார்வலர்களும் வேலைக்குத் திரும்பிடுவாங்க, சேறு மட்டும் அப்படியே இருக்கும். உங்களால ஒரே ஒரு நாள்தான் லீவு போட முடியும்னா பத்தாவது நாள் போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

சேறு எப்படி இருக்கும்னா, கறுப்பா, களி மாதிரி, சாக்கடை கலந்து, கணுக்கால் அளவுக்கு. அது ஈரமா இருக்கும்போதே தள்ளிடணும், காஞ்சா தரையோட ஒட்டிக்கும். மண்வெட்டி, தென்னந்துடைப்பம், தள்ளற வைப்பர், பழைய பக்கெட், மோட்டார் வெச்சு ஹோஸ் தண்ணி. காலுக்கு கம்பூட்ஸ், கைக்கு ரப்பர் கிளவுஸ், கால்ல சின்னக் கீறல் இருந்தாக்கூட இறங்காதீங்க, டிடி ஊசி, அதான் டெட்டனஸ் தடுப்பூசி, போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா போட்டுட்டு வாங்க. பீரோ அடியில, ஷூவுக்குள்ள, கேஸ் சிலிண்டர் பின்னாடி பாம்பு இருக்கலாம், கைய விடறதுக்கு முன்னாடி கம்பால தட்டிப் பாருங்க. யாரையாவது கடிச்சா கட்டு போடறது, கீறி விடறது எதுவும் வேண்டாம், அசைய விடாம நேரா அரசு ஆஸ்பத்திரிக்கு. கழுவினப்புறம் பிளீச்சிங் பவுடர் தெளிக்கலாம், ஆனா பாத்ரூம் ஆசிட்டோட சேத்துடாதீங்க, ரெண்டும் சேந்தா விஷ வாயு வரும், மூடின பாத்ரூம்ல மூச்சே நின்னுடும்.

சம்ப் தண்ணிய முழுசா இறைச்சு, மேல நின்னே நீளத் துடைப்பத்தால சுவரத் தேச்சுக் கழுவித்தான் புதுசா நிரப்பணும். தெளிஞ்ச தண்ணிக்கு ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர்ங்கறது பொதுவான கணக்கு, ஒரு மணி நேரம் விடணும், கலங்கலா இருந்தா அது பத்தாது. சுகாதார ஆய்வாளர் வந்தா குளோரின் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. சம்ப்புக்குள்ளயோ செப்டிக் டேங்க்லயோ ஆள் இறங்கவே கூடாது, எவ்வளவு அவசரமா இருந்தாலும்.

நனைஞ்ச பைக், கார ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்கன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வாங்க, என்ஜினுக்குள்ள தண்ணி இருந்தா ஸ்டார்ட் பண்ணும்போது கனெக்டிங் ராடே வளைஞ்சுடலாம். ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டாரும் அப்படித்தான், காய வெச்சு எலக்ட்ரீஷியன் பாத்தப்புறம்தான் போடணும். ஒரு மெக்கானிக்கும் ஒரு எலக்ட்ரீஷியனும் ரெண்டு நாள் ஒரு தெருவுல இருந்தாங்கன்னா அது ஆயிரம் பொட்டலத்துக்கு மேல, அவங்க தினக்கூலிக்காரங்க, அந்த ரெண்டு நாள் கூலிய தெருவே சேத்துக் குடுக்கறதுதான் நியாயம்.

ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல் கணக்கு எடுங்க. தண்ணியில நின்னவங்களுக்குக் காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண்ணு சிவப்புன்னு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருக்காம டாக்டர்கிட்ட "வெள்ளத் தண்ணியில நின்னேன்"னு சொல்லச் சொல்லுங்க. தேங்கா மட்டை, டயர், உடைஞ்ச சட்டி எல்லாத்தையும் கவுத்துப் போடுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்.

அப்புறம் குப்பை அள்ள வர்றவங்க. பெரிய வெள்ளம் வந்தா மத்த மாவட்டத்துல இருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள சென்னைக்குக் கூட்டிட்டு வருவாங்க, ஸ்கூல்லயோ மண்டபத்துலயோ தங்கி, நம்ம வீட்டு அழுகின மெத்தைய அவங்கதான் தூக்கறாங்க. கண்ணாடித் துண்டு, சிரிஞ்சு, நாப்கின தனியா கட்டி மேல எழுதிக் குடுங்க. உங்க வீட்டு பாத்ரூம தொறந்து விடுங்க, பொம்பளைப் பணியாளர்கள் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் போக இடமில்லாம தண்ணியே குடிக்காம வேலை செய்யறாங்க. 2023-ல எங்க தெருவுக்கு வந்த ஒரு அக்காகிட்ட டீ குடுத்தப்போ கிளவுஸக் கழட்டினாங்க, விரல் இடுக்கு எல்லாம் வெள்ளையா ஊறி வெடிச்சிருந்துச்சு. அன்னிக்கு எங்க தெருவுல தேங்கா எண்ணெயும் புது கிளவுஸும்தான் வாங்கினோம், வேற எதுக்கும் வசூல் பண்ணல.

கடைசியா பேப்பர் வேலை, இது எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாரும் வீட்டுல உக்காந்தே பண்ணலாம். சேதத்த கழுவறதுக்கு முன்னாடியே போட்டோ எடுக்கச் சொல்லுங்க, சுவத்துல தண்ணி நின்ன கோடு தெரியற மாதிரி, இன்சூரன்ஸ் இருந்தா உடனே போன்ல சொல்லி வைக்கணும். நனைஞ்ச சர்டிபிகேட்ட இஸ்திரி போடாதீங்க, மை ஓடிடும், நிழல்ல வெள்ளைத் தாளுக்கு நடுவுல வெச்சு காய விடுங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் தொலைஞ்ச சான்றிதழுக்கு சிறப்பு முகாம் போட்டு நகல் குடுத்தாங்க, 2023 மிக்ஜாமுக்கு ரேஷன் கடை வழியா 6000 ரூபா குடுத்தப்போ கார்டு இல்லாதவங்களும் விண்ணப்பம் எழுதிக் குடுக்கலாம்னு இருந்துச்சு. இது தெரியாமலே நிறைய பேர் விட்டுட்டாங்க, தெரிஞ்சவங்களுக்கும் ஃபார்ம் நிரப்பத் தெரியல. எங்க தெருவுல மளிகைக் கடை வாசல்ல ஒரு டேபிள் போட்டு ரெண்டு பசங்க உக்காந்து சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் எழுதிக் குடுத்தாங்க, ஆதார் ஜெராக்ஸ், பேங்க் புக், வாடகை வீடுன்னா கரண்ட் பில், எதெது வேணும்னு பின்னாடி சுவத்துல பெருசா ஒட்டி வெச்சுட்டோம். ஷெட்ல இருந்த வெளிமாநில ஆளுங்க ஒம்போது பேருக்கும் அங்கதான் எழுதினது.

அந்த மாடிப் போர்ஷன் பெரியவர் இப்பவும் இருக்காரு. 2023 டிசம்பர் 3 ராத்திரி மழை வலுத்தப்போ நோட்டுல முதல் பக்கத்துல அவர் பேருதான், ரெண்டு பேர் போய் இன்சுலின் பேனா, மாத்திரை டப்பா, டாக்டர் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அவர எதிர் வீட்டு மாடிக்குக் கூட்டிட்டு வந்தாங்க, காலையில அவர் போர்ஷன் படிக்கட்டுல ஆறாவது படி வரைக்கும் தண்ணி நின்னுச்சு. இந்த வருஷம் நோட்டு எழுதப் போனப்போ கூட வரேன்னு கிளம்பிட்டாரு, எந்தெந்த வீட்டுல சுகர் மாத்திரை சாப்பிடறாங்கன்னு அவருக்குத்தான் எங்கள விட நல்லா தெரியுது.